பழைய கதிரையா, புதிய கதிரையா? அடியில் இருக்கும் எழுத்தையும் வாசியுங்கள்

"அப்பாவுக்கு ஒரு நல்ல சாய்மனைக் கதிரை வாங்கிக் குடு. காசை யோசிக்காதை."

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி இவ்வளவுதான். அதோடு இரண்டு படங்களும் வந்திருந்தன. ஒன்று, யாழ்ப்பாணத்தில் பழைய தளபாடங்கள் விற்கும் கடையொன்றின் முகநூல் பக்கத்தில் அவர் பார்த்த சாய்மனைக் கதிரை. மற்றது, அவர் தனக்கு வாங்க நினைத்திருந்த கறுப்புத் தோல் கதிரை. அறுபதுகளில் செய்யப்பட்ட அசல் என்று சொல்லி அங்கே ஒருவர் விற்கிறாராம். "இரண்டையும் பார்த்துச் சொல்லு, பழசு எடுக்கிறதோ புதுசு எடுக்கிறதோ" என்று கேட்டிருந்தார்.

நான் தளபாட வியாபாரியல்ல. கேள்வி கேட்டு எழுதுவதுதான் என் தொழில். அதனால் மூன்று மாதமாகக் கடைக்காரர்களையும் மரவேலை செய்பவர்களையும் பிரம்பு பின்னுபவர்களையும் கேட்டுத் திரிந்தேன். பழையதா புதியதா என்பதை அழகும் விலையும் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். எங்களைப் போல வீட்டை விட்டு ஓடிய சனத்துக்கு அதில் வேறொரு கேள்வியும் இருக்கிறது என்பது கடைசியில்தான் புரிந்தது.

அண்ணாவின் கறுப்புக் கதிரை

அண்ணா அனுப்பிய படத்தில் இருந்தது ஈம்ஸ் கதிரை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வடிவமைத்து, ஹேர்மன் மில்லர் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. வளைத்த ஒட்டுப்பலகை ஓடுகள் மூன்று, தோல் மெத்தைகள், கால் வைக்கத் தனியாக ஒரு முக்காலி. அன்றிலிருந்து இன்றுவரை உற்பத்தி நிற்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இது நல்ல உதாரணம். பழையதும் சந்தையில் உண்டு, அதே நிறுவனத்தின் புதியதும் உண்டு, போலியும் உண்டு.

பழையதை விரும்புபவர்கள் முதலில் சொல்வது மரம். ஆரம்பகாலக் கதிரைகளின் மேற்பூச்சுப் பலகை பிரேசில் நாட்டு ரோஸ்வூட். அந்த மரம் அழிந்துவரும் இனமாகி, 1992இல் சர்வதேச வணிகத்தடைப் பட்டியலில் முதலாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. புதிய கதிரைகளில் அது கிடையாது. தடை இருப்பதால் பழைய கதிரை ஒன்றை நாடு விட்டு நாடு கொண்டுபோகவும் பத்திரங்கள் வேண்டும். ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழையதின் பலவீனம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. முதுகு ஓடுகளைக் கைப்பிடியோடு இணைப்பவை, பலகையில் ஒட்டப்பட்ட இறப்பர் வில்லைகள். ஐம்பது, அறுபது வருடத்தில் இறப்பர் இறுகும், பசை விடும். ஒருநாள் சாயும்போது வில்லை கழன்றால் பலகையையும் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு திருத்துவதற்குக் கதிரையின் விலையில் ஒரு பங்கு போகும். ஆகவே விற்பவர் மெத்தைத் தோலின் அழகைக் காட்டும்போது, வாங்குபவர் மெத்தையைக் கழற்றி வில்லைகளைப் பார்க்க வேண்டும். அவை மாற்றப்பட்டனவா, எப்போது, யாரால் என்று கேட்க வேண்டும்.

புதியதில் இந்தக் கவலை இல்லை. உத்தரவாதம் உண்டு. மனிதரின் உயரம் கூடியதால் சற்றுப் பெரிய அளவிலும் இப்போது செய்கிறார்கள். விலைதான் பல ஆயிரம் டொலர்.

மூன்றாவது வகை, நகல். அதே உருவம், கால்வாசி விலைக்கும் கீழே. பிரித்தானியாவில் 2016 ஜூலையில் சட்டம் மாறி, இவ்வகை வடிவமைப்புகளுக்கான பதிப்புரிமை வடிவமைப்பாளர் இறந்து 70 வருடம் வரை நீண்டது. அதுவரை வெளிப்படையாக நடந்த நகல் வியாபாரம் அங்கே சட்டச் சிக்கலானது. இலண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் இணையத்தில் "ஈம்ஸ் பாணி" என்று போட்டிருப்பதைக் கண்டால், அது ஈம்ஸ் அல்ல என்றுதான் பொருள்.

அண்ணாவிடம் சொன்னேன்: வில்லைகள் மாற்றிய ரசீது இருந்தால் பழையதை எடுங்கோ. இல்லாவிட்டால் காசு சேர்த்துப் புதியதை எடுங்கோ. அவரும் ஏற்றுக்கொண்டார். அந்தக் கேள்வி அப்படியே முடிந்தது. அப்பாவின் கதிரை அவ்வளவு லேசாக முடியவில்லை.

எங்கள் விறாந்தைக் கதிரை

கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. மேசையும் அலுமாரியும் அப்படித்தான். நீளக் கைப்பிடியும் பிரம்பு பின்னிய நீண்ட இருக்கையும் கொண்ட சாய்மனைக் கதிரை, காலனிக் காலத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் தோட்டத்துரைமாரின் விறாந்தைகளில் இருந்ததால் ஆங்கிலத்தில் தோட்டக்காரர் கதிரை என்றே பெயர் பெற்றது. கைப்பிடிக்கு அடியில் மடிந்திருக்கும் பலகையை முன்னுக்குத் திருப்பினால் காலைத் தூக்கிப் போடலாம். எங்கள் ஊரில் அது வாத்தியார், பரியாரியார், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஆகியோரின் கதிரை. வீட்டின் மூத்தவர் இருக்கும் இடம். அவர் இல்லாத நேரம் சின்னப் பிள்ளைகள் ஏறி வழுக்கி விளையாடும் இடமும் அதுதான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அப்பப்பாவின் கதிரை. அவருக்குப் பிறகு அப்பா இருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, கதிரை விறாந்தையில் இருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. மறு வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலையே இல்லை. கதிரை எங்கே என்று கேட்க ஆளுமில்லை. யாரோ எடுத்திருக்கலாம். விறகாக எரிந்தும் இருக்கலாம். அதன்பிறகு அப்பா பிளாஸ்ரிக் கதிரையில்தான் இருக்கிறார்.

கடையில் பார்க்க வேண்டியவை

அண்ணா படம் அனுப்பிய கடைக்கு நான் முதலில் தனியாகப் போனேன். போவதற்கு முன் எனக்குத் தெரிந்த ஓடாவியார் ஒருவரிடம் பாடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பழைய கதிரை வாங்க நினைக்கும் எவருக்கும் இது உதவும்.

முதலில் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேற்பக்கத்தைப் பொலிஷ் மறைக்கும், அடிப்பக்கத்தை அவ்வளவாக ஒருவரும் மறைப்பதில்லை. சின்னச் சின்ன ஓட்டைகளும் மா போன்ற தூளும் இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை மட்டும் இருந்து தூள் இல்லாவிட்டால் பூச்சி பழையதாக இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளின் மேல் கதிரையை வைத்துத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது பொருத்து. பழைய வேலைகளில் ஒரு சட்டத்தின் நாக்கு மற்றச் சட்டத்தின் துளைக்குள் இறங்கியிருக்கும். அதற்குக் குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். பொருத்து ஆடினாலும் கழற்றி மீண்டும் இறுக்கலாம். இரும்பு ஆணியும் பசையும் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தால் அது புதிய வேலை, அல்லது பழுதாகி அவசரத்தில் திருத்திய வேலை. திருகாணியின் தலையையும் பாருங்கள். சிலுவைத் தலைத் திருகாணி 1930களில்தான் உலகச் சந்தைக்கு வந்தது. "நூறு வருசத்துக் கதிரை" என்று சொல்லி விற்பதில் அது இருந்தால், திருகாணியாவது பிறகு வந்தது.

தேய்மானம் பொய் சொல்லாது. கை படும் நுனி, கால் படும் முன்சட்டம், தலை படும் மேற்பலகை ஆகியவை மற்ற இடங்களை விட அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது மனிதர் இருந்து தேய்ந்ததல்ல, அரத்தாள் தேய்த்தது.

பிரம்பு பழுதானதைக் கண்டு பயப்பட வேண்டாம். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால், பிரம்பைத் துளைக்குள்ளால் கோர்த்துக் கையால் பின்னியிருக்கிறார்கள் என்று பொருள். அதை எத்தனை தடவையும் மாற்றிப் பின்னலாம். இப்போது வரும் பல கதிரைகளில் முன்கூட்டியே பின்னிய பிரம்புத் தட்டியைத் தவாளிப்புக்குள் அழுத்தி ஒட்டுகிறார்கள். செலவு குறைவு, ஆனால் ஒரு மூலை விட்டால் முழுவதையும் மாற்ற வேண்டும். மலிவானவற்றில் பிரம்பே இல்லை, பிளாஸ்ரிக் நார்தான். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

புதிதாகச் செய்விப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மரம் காய்ந்ததா என்பது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது காற்றில் மரம் காயவைப்பவர்களின் பழைய கணக்கு. எங்கள் வெயிலில் அதைவிட விரைவாகவும் காயும். ஈரமரத்தில் செய்த கதிரை ஒரு கோடையில் வெடித்துப் பொருத்து விடும். இரண்டாவது கேள்வி, மரம் எங்கிருந்து வந்தது என்பது. வன்னிக் காட்டு முதிரை களவாக வெட்டப்படுவது எல்லோருக்கும் தெரிந்த விடயம். மலிவாக முதிரைக் கதிரை தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள்.

யார் இருக்கப் போகிறார்?

இந்தக் கேள்வியை நான் ஆரம்பத்தில் கேட்கவே மறந்துபோனேன். நினைவூட்டியவர், போரில் முழங்காலுக்கு மேல் காலை இழந்த நண்பர் ஒருவர். "சாய்மனைக் கதிரையில இருக்கிறது பிரச்சினையில்லை, எழும்புறதுதான் பிரச்சினை" என்றார்.

பழைய சாய்மனைக் கதிரைகள் பலவற்றில் இருக்கையின் பின்பக்கம் முன்பக்கத்தை விட நன்றாகத் தாழ்ந்திருக்கும். நீளக் கைப்பிடியை எட்டிப் பிடித்து உடம்பை முன்னுக்குத் தள்ளினால்தான் எழும்பலாம். செயற்கைக் கால் போட்டவருக்கும் முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் இது கடினம். அவர்களுக்கு முன்விளிம்பு நிலத்திலிருந்து 17, 18 அங்குலமாவது உயர்ந்த, சரிவு குறைந்த, கைப்பிடி உறுதியான கதிரை வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லாதவர்களைப் பிரம்பின் மேலோ பலகையின் மேலோ நேரடியாக இருத்தக்கூடாது. வலி தெரியாமலே அழுத்தப் புண் வந்துவிடும். அவர்களுக்கு உரிய மெத்தை அவசியம், அடிக்கடி உடம்பைத் தூக்கி அசைத்துவிடவும் வேண்டும். முதுகில் செல் துண்டோடு வாழ்பவர்கள், வாங்குவதற்கு முன் அரை மணித்தியாலமாவது இருந்து பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் புதிய கதிரைக்கே வெற்றி. பழைய கதிரை வேறொருவரின் உடம்புக்குச் செய்யப்பட்டது. புதியதை எங்கள் உடம்புக்கு அளந்து செய்விக்கலாம்.

சண்டிகரிலிருந்து ஒரு பாடம்

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் கேள்விப்பட்ட ஒரு படம் இந்த அலைச்சலில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கலைஞர் எமி சீகல் 2013இல் எடுத்த "புரொவெனன்ஸ்". ஒரு பொருள் எங்கிருந்து, யார் யார் கைமாறி வந்தது என்பதே அந்தத் தலைப்பின் பொருள்.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும், இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. அதற்காகப் புதிதாகக் கட்டப்பட்ட நகரம் சண்டிகர். லு கொர்பூசியே திட்டமிட்டார். அவரது ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜெனரே அங்கேயே தங்கி, அரச அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கும் பிரம்பும் கொண்டு கதிரைகள் வடிவமைத்தார். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். காலப்போக்கில் அவை உடைந்து, கூரையிலும் முற்றத்திலும் குவிந்து, கழிவுப் பொருளாகச் சொற்ப விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் புதுப்பித்தார்கள். பிறகு ஐரோப்பிய, அமெரிக்க ஏல மண்டபங்களில் அதே கதிரைகள் பல ஆயிரம் டொலருக்குப் போயின.

சீகலின் படம் இந்தப் பயணத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. பணக்காரர் வீட்டு மண்டபத்தில் தொடங்கி, ஏலம், பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிப் போய், சண்டிகர் அலுவலகங்களில் முடிகிறது. படத்தையே அவர் அதே வருடம் இலண்டனில் ஏலத்தில் விட்டார். 2011இல் இந்திய உள்துறை அமைச்சு அந்தத் தளபாடங்களை விற்பதையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் தடுக்க உத்தரவிட்டபோது, ஏராளமானவை ஏற்கெனவே போய்விட்டிருந்தன. இன்று பெங்களூரில் பேன்ரம் ஹான்ட்ஸ் என்ற நிறுவனம் அதே வடிவங்களைப் புதிதாகச் செய்கிறது. இத்தாலிய நிறுவனமான கசினாவும் செய்கிறது. அங்கேயும் இதே கேள்விதான்: பழையதா, புதியதா?

ஒரு விடயம் என்னை யோசிக்க வைத்தது. பழைய சண்டிகர்க் கதிரை அசல் என்று காட்டுவதற்கு வியாபாரிகள் தேடுவது, அதில் தீந்தையால் எழுதப்பட்ட அலுவலக எழுத்துகளையும் இலக்கங்களையும்தான். எந்தக் கட்டடத்தின் சொத்து என்பதற்காக எழுதியது, பிறகு விலையைக் கூட்டும் அடையாளமாகிவிட்டது.

கவிழ்த்தபோது தெரிந்தது

இரண்டாவது தடவை அப்பாவையும் கடைக்குக் கூட்டிப்போனேன். கதிரை நல்ல கதிரை. தேக்கு. பொருத்து ஆடவில்லை. பிரம்பு மட்டும் பின்ன வேண்டும். ஓடாவியார் புதிதாகச் செய்யக் கேட்ட கூலியை விட விலை ஒன்றரை மடங்கு. அண்ணாவுக்கு அது பெரிய காசல்ல.

அப்பா இருந்து பார்த்தார். கண்ணை மூடிச் சாய்ந்தார். எனக்கு முடிவு தெரிந்துவிட்டது போல இருந்தது. பிறகு எழும்பி, "கவிழ்த்துக் காட்டு பிள்ளை" என்றார்.

பின்சட்டத்தின் உட்பக்கத்தில், மங்கிய வெள்ளைத் தீந்தையில் இரண்டு தமிழ் எழுத்துகள். எங்கள் ஊரில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரையும் பாத்திரமும் இரவல் போகும். மாறிப்போகாமல் இருக்கத்தான் பெயரெழுத்துப் போடுவது. பித்தளைக் குடத்தில் வெட்டியிருப்பதும் அதனால்தான்.

"இது ஆற்ற வீட்டுக் கதிரை தம்பி?" என்று அப்பா கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் கோபப்படவில்லை. தான் இன்னொரு வியாபாரியிடம் வாங்கியதாகவும், அவர் யாரிடம் வாங்கினார் என்று தெரியாதென்றும் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு எங்கள் ஒழுங்கைக்கும் பழைய சாமான் வாங்க லொறி வந்தது. வறுமையால் விற்றவர்கள் உண்டு. வெளிநாடு போகும்போது விற்றவர்கள் உண்டு. பழைய கதிரைகள் எல்லாம் களவுச் சாமான் என்று சொல்வது அநியாயம். ஆனால் ஆளில்லாத வீடுகளிலிருந்து போனவையும் எங்கோ ஒரு விறாந்தையில் இருக்கத்தானே வேண்டும்?

அப்பா எழுத்தை விரலால் தடவினார். "எங்கட கதிரையிலயும் அப்பு இப்பிடித்தான் எழுதினவர். அது இப்ப ஆற்றயோ வீட்டில இருக்கும்" என்றார். பிறகு, "வேண்டாம், வா" என்றார்.

வீட்டுக் கொட்டிலில், இரண்டு வருடத்துக்கு முன் காற்றில் விழுந்த எங்கள் வேப்பமரம் பலகையாக அரிந்து அடுக்கிக் கிடந்தது. காய்ந்த மரம், பூச்சி லேசில் அண்டாது. ஓடாவியார் வந்து பார்த்து, அப்பாவின் முழங்கால் உயரத்தை அளந்து எழுதினார். இருக்கையை ஒன்றரை அங்குலம் உயர்த்தி, சரிவைக் குறைத்துச் செய்தார். இழைக்கும்போது ஒரு பலகைக்குள் சீவுளியின் அலகு தட்டிப் பல் விழுந்தது. உள்ளே நக அளவில் செல் துண்டு. மரம் அதை மூடி வளர்ந்திருந்தது. போர் நடந்த இடத்து மரமென்றால் இது வழமைதான் என்று சொல்லி, அவர் அலகைத் தீட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

கதிரை வந்து ஒரு மாதமாகிறது. பழைய கதிரையின் சாய்வு இதில் இல்லை என்பது அப்பாவின் குறை. ஆனால் ஒருவரின் உதவியும் இல்லாமல் எழும்புகிறார்.

என் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்புக்கு ஏற்ற உயரம் முக்கியமென்றால், காய்ந்த மரத்தில் புதிதாகச் செய்விப்பது நல்லது. நல்ல மரமும் பொருத்தும் வேண்டுமென்றால், கவிழ்த்துப் பார்த்துப் பழையதை வாங்கலாம், அது தவறல்ல. வாங்குபவர் எங்கிருந்து வந்ததென்று கேட்டு, விற்பவரிடம் எழுதி வாங்க வேண்டும். நூறு வருடம் கடந்த தளபாடங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்பொருள் திணைக்களத்திடம் விசாரிக்க வேண்டும்.

அடியில் பெயரெழுத்து இருந்தால், தயவுசெய்து சுரண்ட வேண்டாம். அதன் மேல் பொலிஷ் அடிக்கவும் வேண்டாம். ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்காவது ஒருவர் தன் அப்புவின் கையெழுத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். அப்பாவைக் கேட்டுத்தான் இதை எழுதினேன். எங்கள் கதிரை யாரிடமாவது இருந்தால் திருப்பிக் கேட்கமாட்டாராம். ஒருதரம் இருந்து பார்க்க விட்டால் போதுமாம்.